கவனித்துச் சொன்னவர்

(மருத்துவமனைகளில் உரிமம் இன்றி வேலை செய்யும் உதவிப் பணியாளர்களைப் பற்றி, ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் கல்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள் நான். அதில் ஒரே ஓர் இரவைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஆண்கள் பொது மருத்துவ வார்டு. நாற்பது கட்டில். கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் எட்டுப் பேர். நைட் டியூட்டியில் நான் ஒருத்தி, ஆயாம்மா ஒருவர். மணி ஒன்றரை இருக்கும். பதினாறாம் பெட்டில் ஒரு தாத்தா, சாயங்காலத்திலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார். எழுந்து உட்காருவார், போர்வையை இழுத்துப் போடுவார், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வயதானவர், இடம் மாறியதில் குழப்பம் என்று நினைத்தேன். தூங்குவதற்கு ஓர் ஊசி போடலாமா என்று டியூட்டி டாக்டரைக் கேட்கப் போன் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஆயாம்மா கையில் வாளியோடு குறுக்கே வந்தார்.

"சிஸ்டர், பதினாறு தாத்தாவுக்கு ஒண்ணுக்குப் பை ரொம்பவே இல்ல. சாயங்காலம் ஊத்துறப்பவே கொஞ்சந்தான் இருந்துச்சு. இப்ப சுத்தமா ஒண்ணுமில்ல. அடிவயித்தத் தொட்டுப் பாரு, கல்லு மாதிரி கீது."

போய்த் தொட்டுப் பார்த்தேன். சிறுநீர்ப்பை உப்பித் தொப்புள் வரைக்கும் ஏறியிருந்தது. சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்குச் சொல்லிவிட்டு, உப்புநீர் ஏற்றி அடைப்பை எடுத்தேன். பை நிரம்பத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் தாத்தா தூங்கிவிட்டார். அவருக்குத் தேவைப்பட்டது தூக்க ஊசி இல்லை. அந்த நிலையில் ஊசி போட்டிருந்தால் அவர் சத்தம் அடங்கியிருக்கும். நானும் நிம்மதியாக அடுத்த பெட்டுக்குப் போயிருப்பேன். சிறுநீரகங்கள் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அறுபது கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு முப்பது மில்லியாவது சிறுநீர் இறங்க வேண்டும் என்று நாங்கள் பாடத்தில் படிக்கிறோம். ஆயாம்மா அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. ஆனால் அந்த வார்டில் இருந்த ஒவ்வொரு பையையும் தினமும் கழற்றி ஊற்றுவது அவர் கை. எந்தப் பை எந்த நேரத்தில் எவ்வளவு கனக்கும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். அந்தக் கேஸ் ஷீட்டில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பதை முடிவில் சொல்கிறேன்.

இந்த ஆயாம்மா போன்றவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஆயா, வார்டு பாய், அட்டெண்டர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், பிணவறை ஊழியர், தூய்மைப் பணியாளர். அரசுக் கோப்புகளில் மருத்துவமனைப் பணியாளர், செவிலிய உதவியாளர், பல்நோக்குப் பணியாளர் என்று பெயர்கள் உண்டு. கடலுக்கு அப்பால் இலங்கையில் நம் மக்கள் இவர்களைச் சிற்றூழியர் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் இவர்களுக்குப் பொதுவான ஒன்று உண்டு. மருத்துவருக்கும் செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் ஒரு மன்றம் இருக்கிறது, ஒரு பதிவு எண் இருக்கிறது, ஓர் உரிமம் இருக்கிறது. இவர்களுக்கு அது இல்லை.

உரிமம் என்ற கோடு எப்போது விழுந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். நம் மாகாணத்தில் செவிலியருக்கும் மருத்துவச்சிக்கும் சட்டம் வந்தது 1926-இல். இந்திய அளவில் செவிலியர் மன்றச் சட்டம் 1947-இல். மருந்தாளுநர் சட்டம் 1948-இல். அதற்கு முன்னால் மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர்கள் பலர் ஒரு டாக்டரின் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். சட்டம் வந்த பிறகு அது படிப்பும் பதிவும் உள்ள தொழிலாயிற்று. பிறகு 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், இயன்முறை என்று பல தொழில்களுக்கு அது மதிப்பைக் கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்தின்படி துணை மருத்துவத் தொழிலர் ஆக வேண்டுமானால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். வார்டு ஊழியர் அந்த வட்டத்துக்குள் வர வழியே இல்லை. ஆக, ஒரு பக்கம் 2,000 மணி நேரம். இன்னொரு பக்கம், பெரும்பாலான இடங்களில், காலையில் வேலைக்குச் சேர்ந்து அன்று மதியமே வார்டில் நிற்பவர். நடுவில் படியே இல்லாத ஏணி இது.

இன்னொரு கோடும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவள் ஆகமாட்டேன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்கள் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்ற சொல்லே அவர்களுடையது. கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது அந்த வீட்டு ஆண்களின் கைத்தொழிலாக இருந்தது. நவீன மருத்துவமனை வந்தபோது, கல்லூரிக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அறுவைக்கு முன் மயிர் மழிக்கும் வேலைக்குத்தான் கதவு திறந்தது. அதேபோல மலமும் ரத்தமும் அள்ளும் வேலை யார் தலையில் விழுந்தது, இன்றும் யார் தலையில் இருக்கிறது என்று உங்கள் மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். இந்த வேலைக்கு மரியாதை இல்லாமல் போனதற்கு வேலையின் கடினம் காரணமில்லை. அதைச் செய்பவர் யார் என்று பார்த்துத்தான் மரியாதையைப் பிடித்துக்கொண்டோம்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி. 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் அங்கே தொடங்கியது. 1955-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக ஆக்கியது. ராபர்ட் காக்ரேன் என்ற உலகம் அறிந்த மருத்துவர் வேலை பார்த்த இடம். மருத்துவ வரலாற்றில் அந்தப் பெயர் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் தொழுநோய் மருத்துவமனை என்றால் பாதத்துப் புண்ணைத் தினமும் கழுவி, காய்ந்து வெடித்த தோலுக்கு எண்ணெய் தடவி, கட்டு மாற்றும் வேலை. உணர்ச்சியே இல்லாத பாதம் அது. கல் குத்தியிருக்கிறதா, சூடு பட்டிருக்கிறதா என்று நோயாளிக்கே தெரியாது. கட்டு மாற்றுபவரின் கண்தான் அந்தப் பாதத்துக்கு உணர்ச்சி. பெற்ற பிள்ளை தொடாத காலத்தில் தொட்டவர்கள் அங்கே வேலை செய்த ஊழியர்கள். நம் நாட்டுத் தொழுநோய் மருத்துவமனைகள் பலவற்றில், நோய் தீர்ந்தவர்களே மற்றவர்களுக்குக் கட்டுப் போடும் ஊழியர்களாக ஆனார்கள். அவர்கள் எந்தச் சான்றிதழும் வைத்திருக்கவில்லை.

இந்த வேலையைத் திறமை தேவைப்படாத வேலை என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 'அன்ஸ்கில்டு' என்று ஒரே வார்த்தையில் கூலிப் பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். அது உண்மைதானா?

நம் ஊர் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை விபத்துகள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை கொடுக்கும் திட்டத்தை, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று, 2021 டிசம்பர் 18-இல் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். உயர்ந்த திட்டம். 108 வண்டி வந்து நிற்கிறது. கதவைத் திறந்ததும் நோயாளியை முதலில் தூக்குவது யார்? ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர். அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். அப்படிப்பட்டவரைப் புரட்ட வேண்டுமென்றால் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடிக்க வேண்டும். மூன்று பேர் தோள், இடுப்பு, கால் என்று பக்கவாட்டில் நின்று, தலையைப் பிடித்தவர் எண்ணும் எண்ணிக்கைக்கு ஒரே நேரத்தில், மரக்கட்டையை உருட்டுவதுபோல் உருட்ட வேண்டும். ஒருவர் அரை விநாடி முந்தினால் தண்டுவடம் நசுங்கிவிடக்கூடும். அதன் பிறகு எவ்வளவு பெரிய அறுவை நிபுணர் வந்தாலும் அந்தக் கால் நடக்காது. இதைத் திறமை தேவைப்படாத வேலை என்று யாராவது சொல்ல முடியுமா?

பக்கவாதத்தில் படுத்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரட்டும்போது குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்கள் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பைப் பார்த்துச் சொன்னால் ஒரு தலையணையோடு முடிந்துவிடும். பார்க்காமல் விட்டால் எலும்பு தெரியும் அளவுக்குப் புண் குழியும், மாதக்கணக்கில் படுக்கை நீளும், கிருமி ரத்தத்தில் ஏறி ஆளையே எடுத்துக்கொண்டு போகும். வெளுத்த நாக்கு, மாறிய மூச்சுச் சத்தம், இரண்டு வேளை தொடாமல் இருந்த சாப்பாட்டுத் தட்டு, நனைந்திருக்கும் கட்டு – இவற்றையெல்லாம் முதலில் பார்ப்பது பெரும்பாலும் இவர்கள் கண்தான். டாக்டர் ஒரு நோயாளியின் பக்கத்தில் சில நிமிடம் நிற்பார். நாங்கள் அதைவிடக் கொஞ்சம் கூட நிற்போம். அந்த நோயாளியின் உடம்போடு அதிக நேரம் இருப்பது இவர்கள்தான்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையை இந்த ஊருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்த நகரியத்துக்குள்ளும் மீனவக் குப்பங்களுக்குள்ளும் கடல் புகுந்தது. அணு உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது என்பதை உலகம் பேசியது. வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்தப் பத்திரம் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் இந்தக் கரை நெடுகிலும் மருத்துவமனைப் பிணவறைகளில் வேலை செய்தவர்களை நினைத்துப் பாருங்கள். மணலும் சேறும் அப்பிய முகங்களைக் கழுவித் துடைத்து, பெற்றவர்கள் அடையாளம் காணும்படி வைத்த கைகள் அவை. ஒரு குழந்தையின் முகத்தைத் துடைத்துத் தாயிடம் காட்டுவதற்கு எந்தப் பாடத்திட்டத்திலும் பாடம் இல்லை. அதைச் செய்தவர்கள் மறுநாளும் வேலைக்கு வந்தார்கள்.

இனி நான் பார்த்த இன்னொரு நாளைச் சொல்கிறேன். இது என் மனதில் ஆறாத புண். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய ஒரு பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். சிவப்புப் பையில் குப்பை நிரம்பிவிட்டது. வாயைக் கட்டுவதற்காக முழங்காலை வைத்து அமுக்கினாள். உள்ளே கிடந்த ஊசி பையைக் கிழித்துக்கொண்டு தொடையில் இறங்கியது. சிவப்புப் பை ட்ரிப்ஸ் குழாய், கையுறை போன்ற பிளாஸ்டிக்குக்கானது. ஊசி போக வேண்டியது குத்தினாலும் துளைக்காத வெள்ளைப் பெட்டிக்கு. அதைத் தவறான பையில் போட்டது அவள் இல்லை. உரிமம் உள்ள எங்களில் ஒருவர்.

ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அழைத்துக்கொண்டு ஓடினேன். பதிவேட்டில் பணியாளர் எண் கேட்டார்கள். அவளுக்கு எண் இல்லை. மஞ்சள்காமாலை பி-க்குத் தடுப்பூசி மூன்று தவணை போட்டிருக்கிறாயா என்று கேட்டார்கள். ஒரு தவணைகூட இல்லை. "இவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே, அவங்க கம்பெனியைக் கேளுங்க" என்றார்கள். கம்பெனி சூப்பர்வைசரைக் கேட்டால், ஆஸ்பத்திரியில் குத்தியதை ஆஸ்பத்திரிதான் பார்க்க வேண்டும் என்றார். நான் சண்டை போட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தபோது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நான்கு மணி நேரமும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "மேடம், இதுக்கு என் சம்பளத்துல புடிப்பாங்களா?"

நண்பர்களே, இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். இந்தச் சொற்பொழிவைக் கல்பாக்கத்தில் ஆற்ற வேண்டும் என்று நான் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு.

உங்கள் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சுப் பகுதிக்குள் போகும் ஒவ்வொருவரும் நெஞ்சில் ஒரு டி.எல்.டி. பேட்ஜ் அணிகிறார்கள். விஞ்ஞானி அணிகிறார். பொறியாளர் அணிகிறார். ஒப்பந்தக்காரர் மூலம் தரை துடைக்க வந்தவரும் அணிகிறார். அந்தச் சிறிய வில்லை பதவி பார்ப்பதில்லை. யார் உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்று அவரவர் பெயரில் கணக்கு இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 100 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பயிற்சி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். நீங்கள் இதை ஒரு பெரிய காரியமாக நினைப்பதில்லை, பழகிவிட்டீர்கள். ஆபத்து எல்லார் உடம்புக்கும் ஒன்று, ஆகவே பாதுகாப்பும் எல்லார்க்கும் ஒன்று. இந்த ஊரின் அன்றாட ஒழுக்கமே இதுதான்.

மருத்துவமனைக்கு வாருங்கள். ஊசியும் பதவி பார்த்துக் குத்துவதில்லை. காசநோய்க் கிருமி அடையாள அட்டையைப் பார்த்து நுரையீரலுக்குள் போவதில்லை. ஆபத்து எல்லார்க்கும் ஒன்று. பாதுகாப்பை மட்டும் பதவி பார்த்துப் பங்கு வைக்கிறோம். எக்ஸ்ரே அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் நெஞ்சில் உங்கள் நிலையத்தில் இருக்கும் அதே வில்லை இருக்கும். அழும் குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்ள யாரைக் கூப்பிடுகிறார்கள்? கதவருகே நிற்கும் ஆயாம்மாவை. ஈயக் கவசம் கொடுக்காமல் அவரைப் பிடிக்கச் சொன்ன அறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தைக்கு ஒரு தடவை. அவருக்கு நாள் முழுக்க.

சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் மஞ்சள்காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். பயிற்சி கொடுக்க வேண்டும். 'நம்ம ஸ்டாஃப்', 'கம்பெனி ஆள்' என்ற பிரிவு அந்த விதியில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இலேயே, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலை வாங்கும் முதன்மை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. ஏட்டில் எல்லாம் இருக்கிறது. வார்டு வாசலில்தான் அது நின்றுவிடுகிறது.

தொழிலாளர் சட்டத்தின் வரலாற்றில் இவர்களுக்கு ஒரு பெரிய இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனைக் குழுமத்தில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட வார்டு ஊழியர்கள் இருவருக்காகச் சங்கம் வழக்கு நடத்தியது. அரசு மருத்துவமனை ஒரு தொழில் நிறுவனமா, அங்கே தொழிலாளர் சட்டம் செல்லுமா என்பது கேள்வி. செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் தீர்ப்புச் சொன்னது. 1970-இல் இன்னொரு வழக்கில் அது மாற்றப்பட்டது. 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய புகழ்பெற்ற தீர்ப்பு 1960-இன் நிலையைத் திரும்பக் கொண்டுவந்தது. கல்வி நிலையம், மருத்துவமனை, ஆராய்ச்சிக்கூடம் ஆகியவற்றில் வேலை செய்த லட்சக்கணக்கானவர்களுக்கு அந்த வாதம் நிழலாக இருந்திருக்கிறது. அந்த நிழலுக்கு விதை, இரண்டு வார்டு ஊழியர்களுக்காகப் போட்ட வழக்கு.

கொரோனா வந்தபோது நாம் கைதட்டினோம். 2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த 50 லட்ச ரூபாய் காப்பீட்டில் மருத்துவர், செவிலியரோடு வார்டு ஊழியர்களும் தூய்மைப் பணியாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். உயிருக்கு ஒரே மதிப்பு என்று அரசே ஏட்டில் எழுதிய தருணம் அது. 2021 ஜூனில், ஆறு வகை உதவிப் பணிகளுக்கு ஒரு லட்சம் பேரைக் குறுகிய காலத்தில் பயிற்றுவிக்கும் திட்டமும் தொடங்கியது. ஆக, பயிற்சி கொடுக்க முடியும், பதவி பார்க்காமல் பாதுகாப்புக் கொடுக்க முடியும் என்பதை நாமே ஒருமுறை நிரூபித்துவிட்டோம். கொள்ளை நோய் முடிந்ததும் அந்தப் பாடத்தை மறந்துவிடக் கூடாது.

வெளிநாடுகளும் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டம், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளராக வேலை செய்பவருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்றது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அவலம் வெளிவந்த பிறகு, 2013-இல் கமிலா கேவண்டிஷ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. பதிவு பெறாத உதவியாளர்கள் 13 லட்சம் பேருக்கு மேல் மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் நேரடிப் பராமரிப்பின் பெரும்பகுதியைச் செய்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பொதுவான பயிற்சிகூட இல்லை என்று அது எடுத்துச் சொன்னது. அதன் விளைவாக 2015-இல் 15 தரநிலைகள் கொண்ட சான்றிதழ் வந்தது. பூஜ்யத்துக்கும் 2,000 மணி நேரத்துக்கும் நடுவே ஒரு படி கட்ட முடியும் என்பதற்கு இவை சான்று.

இங்கே இருவிதமான கேள்விகள் எழும் என்று எனக்குத் தெரியும். முதல் கேள்வி: "ஆயாம்மாவே ஊசி போடுகிறார், வார்டு பாயே தையல் போடுகிறார் என்று செய்தி வருகிறதே. அவர்களை இன்னும் உயர்த்தினால் நாளைக்கு ஆபரேஷனும் செய்வார்களா?" நியாயமான பயம். சின்னச் சின்ன இடங்களில் செலவை மிச்சம் பிடிக்க, உரிமம் இல்லாதவர் கையில் ஊசியைக் கொடுக்கிறார்கள். அது குற்றம். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, தையல் போடுவது, நோயாளியின் நிலையைக் கணித்து முடிவெடுப்பது – இவை அவர்கள் செய்யக்கூடாதவை. நான் இதில் எள்ளளவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் இந்த எல்லையைக் காப்பாற்றும் வழியும் பயிற்சிதான். எது என் வேலை, எது என் வேலை இல்லை என்று எழுத்தில் தெரிந்தவருக்குத்தான், டாக்டரே சொன்னாலும், "இது நான் செய்யக்கூடாதுங்க" என்று சொல்லும் தைரியம் வரும். செவிலியர் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது ஐந்து சரிகளைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். சரியான வேலை, சரியான சூழல், சரியான ஆள், சரியான விளக்கம், சரியான மேற்பார்வை. ஒப்படைத்த பிறகும் பொறுப்பு என்னுடையது.

இரண்டாவது கேள்வியை நீங்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டீர்கள், மனதில் இருக்கும். "வீல்சேர் தள்ள ஐம்பது, குழந்தை முகத்தைக் காட்ட ஐந்நூறு, ஆண் பிள்ளை என்றால் அதற்கு மேல் என்று கேட்பவர்களுக்கா இவ்வளவு பேசுகிறீர்கள்?" ஆமாம், கேட்கிறார்கள். தவறு. கூலி வேலை செய்து பிரசவத்துக்கு வந்த ஏழையிடம் கை நீட்டுவதை எந்த வறுமையும் நியாயப்படுத்தாது. பார்த்த இடத்தில் கண்டித்திருக்கிறேன், மெமோ கொடுத்திருக்கிறேன். ஆனால் கண்டித்து மட்டும் இது நின்றதில்லை. சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாமல், பி.எஃப். பிடிக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல், அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாமல் நிற்கும் ஒருவரிடம் ஒழுக்கத்தை மட்டும் எதிர்பார்க்கிறோம். குறித்த நாளில் கூலி, கையில் ரசீது, நெஞ்சில் பெயர் பொறித்த அட்டை – இவற்றைக் கொடுத்துவிட்டுக் கண்டியுங்கள். அப்போது அந்தக் கண்டிப்புக்கு வலு இருக்கும்.

நான் கேட்பது பெரிய சட்டம் ஒன்றுமில்லை. வார்டுக்குள் அனுப்பும் முன் 75 மணி நேரப் பயிற்சி. கை கழுவுவது, குப்பையைப் பிரிக்கும் நான்கு நிறப் பைகளும் பெட்டிகளும், சிந்திய ரத்தத்தைத் துடைப்பது, முதுகு நோகாமல் தூக்குவது, புரட்டுவது, ஸ்ட்ரெச்சர், எதைப் பார்த்தால் உடனே சொல்ல வேண்டும் என்பது, செத்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் எப்படி நிற்பது என்பது. முதல் நாளே முதல் தடுப்பூசி. மாவட்ட அளவில் ஒரு பதிவேடு, அதில் யார் எந்தக் கம்பெனி என்று பாராமல் ஒவ்வொருவர் பெயரும். கம்பெனி மாறினாலும், இடம் மாறினாலும், ஊசி குத்திய கணக்கும் தடுப்பூசிக் கணக்கும் அவரோடே போக வேண்டும், உங்கள் கதிர்வீச்சுக் கணக்கு உங்களோடு போவதுபோல.

கல்பாக்கத்தாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பாதுகாப்பைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்த நகரியத்திலும் அணுபுரத்திலும் இருப்பதுபோல வேறெங்கும் இல்லை. ஓய்வுபெற்றவர்களும் நிறைய இருக்கிறீர்கள். கவச உடையை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். திருக்கழுக்குன்றத்திலும் செங்கல்பட்டிலும் இருக்கும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க மாதம் ஒரு நாள் கொடுங்கள். தரை துடைக்க வந்தவர்க்கும் ஒரு வில்லை என்ற அந்த ஒழுக்கத்தை, இந்த மதில்களுக்கு வெளியேயும் கொண்டுவாருங்கள்.

தொடக்கத்தில் ஒரு கேஸ் ஷீட்டைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பதினாறாம் பெட் தாத்தாவின் குறிப்பில் நான் எழுதியது இதுதான்: "இரவு 1.30 – சிறுநீர் வெளியேறவில்லை, அடிவயிறு உப்பியிருப்பது கவனிக்கப்பட்டது. குழாய் அடைப்பு நீக்கப்பட்டது." கீழே என் கையெழுத்து. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் கவனித்தவள் நான் இல்லை. ஆயாம்மா சொன்னதைக் கேட்டுப் போய்த் தொட்டுப் பார்த்தவள் மட்டும்தான் நான். பெரிய டாக்டர் பாராட்டியபோது, பத்தடி தள்ளி அந்த அம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி அவரைக் காட்டவில்லை. அப்படிக் காட்டும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வேறு வார்டில் ஒரு புதுப் பெண், "பதினோராம் பெட் அம்மா கால் வீங்கியிருக்கு சிஸ்டர்" என்று வந்து சொன்னபோதுதான் எனக்கு அது உறைத்தது. அன்று குறிப்பில் ஒரு வரி சேர்த்து எழுதினேன். கவனித்துச் சொன்னவர்: என்று போட்டு, அவள் பெயர். ஓய்வுபெறும் வரை அப்படியே எழுதினேன், என்னிடம் பயின்ற செவிலியர்களையும் எழுதச் சொன்னேன். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை, அதற்கு ஒரு பைசா செலவும் ஆகவில்லை. அந்த வரி வந்த பிறகு, அந்த வார்டில் வந்து சொல்பவர்கள் கூடினார்கள்.

இங்கே செவிலியர்களும் மருத்துவர்களும் இருக்கிறீர்கள். நாளைக்கு டியூட்டிக்குப் போகும்போது அந்த ஒரு வரிக்கு இடம் விடுங்கள்.